வசனத்தில் கை வைக்காதே: பேடி சாயெஃப்ஸ்கி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதுபவருக்கு என்ன மரியாதை என்பது ஊரறிந்த கதை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அதன் பிறகு இயக்குநர் திருத்துவார், தயாரிப்பாளர் இன்னொருவரைக் கூப்பிட்டு மாற்றி எழுதச் சொல்வார், நடிகர் தன் வாய்க்கு வாகாக வசனத்தை வளைத்துக்கொள்வார். நியூயார்க் நாடக மேடையில் வழக்கமே வேறு. அங்கே பிரதி அதை எழுதியவரின் சொத்து. அவர் சம்மதிக்காமல் ஒரு வரியைக்கூட எடுக்க முடியாது. ஒப்பந்தமே அப்படித்தான் போடுவார்கள்.

இந்த மேடை உரிமையை சினிமாவுக்குள் கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றவர் பேடி சாயெஃப்ஸ்கி. தொலைக்காட்சி, பிராட்வே, சினிமா என மூன்று இடத்திலும் பேர் வாங்கியவர். யாரோடும் பங்கு போடாமல் தனியாக எழுதிய திரைக்கதைகளுக்கு மூன்று ஆஸ்கர் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவர் தன் கடைசிப் படத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தில் அவர் எழுதிய வசனம் ஏறக்குறைய அப்படியே இருந்தது என்பதுதான் இதில் உள்ள முடிச்சு. வசனத்தை யாரும் தொடவில்லை என்றால் அவருக்கு என்னதான் பறிபோனது?

பிராங்க்ஸிலிருந்து

சிட்னி ஆரன் சாயெஃப்ஸ்கி 1923 ஜனவரி 29 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். ரஷ்யப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். நியூயார்க் சிட்டி கல்லூரியில் 1943-இல் பட்டம் வாங்கியதும் ராணுவத்துக்குப் போனார். 'பேடி' என்ற ஐரிஷ் பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சமையலறை வேலைக்கு எழுப்பினார்களாம். தப்பிக்க வேண்டும் என்று, கத்தோலிக்கப் பூசைக்குப் போகணும் என்று சொல்லியிருக்கிறார். நேற்றுத்தானே யூதன் என்றாய் என்று அதிகாரி மடக்க, ஆமாம், ஆனால் அம்மா ஐரிஷ்காரி என்று இவர் சமாளிக்க, அன்று வைத்த பெயர் கடைசிவரை நின்றது. சொந்தப் பெயர் அவருக்கு மறுபடி வேலைக்கு வந்தது வேறொரு சந்தர்ப்பத்தில். அதைப் பிறகு பார்ப்போம்.

ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்குப் பக்கத்தில் கண்ணிவெடியில் காயம் பட்டு, இங்கிலாந்தில் ஒரு ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தபோது ராணுவ வாழ்க்கையைக் கிண்டல் செய்யும் இசை நாடகம் ஒன்றை எழுதினார். ராணுவமே அதை ஐரோப்பிய முகாம்களில் போட்டது. அதன் வழியாக இயக்குநர் கார்சன் கானினின் பழக்கம் கிடைத்தது. போர் முடிந்து ஊர் திரும்பி மாமாவின் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, கானினும் அவர் மனைவி ரூத் கோர்டனும் 500 டாலர் கொடுத்து, போய் எழுது என்றார்கள். அடுத்த சில வருடங்கள் சிறுகதை, வானொலி, ஹாலிவுட்டில் கொஞ்ச நாள் என்று கழிந்தன. சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

ஐம்பது நிமிடம், மறு டேக் கிடையாது

நடந்தது தொலைக்காட்சியில். 1950-களின் தொடக்கத்தில் என்.பி.சி. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஒரு மணி நேர நாடகம் போட்டது. ஒரு வாரம் ஃபில்கோ கம்பெனி, மறு வாரம் குட்இயர் டயர் கம்பெனி விளம்பரம் கொடுக்கும். விளம்பரம் போக கையில் இருப்பது ஐம்பது நிமிடத்துச் சொச்சம். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. நடிகர் வசனத்தை மறந்தால் நாடே பார்க்கும். ஒரு காட்சி முடிந்ததும் நடிகர் அடுத்த செட்டுக்கு ஓட வேண்டும். கேமராவோ கனமானது, திரையோ சின்னது. கூட்டம், குதிரை, மலை என்று எதையும் காட்ட முடியாது. இரண்டு பேர் மேசையருகே உட்கார்ந்து பேசலாம். முகத்தைக் கிட்டத்தில் காட்டலாம்.

இந்த நெருக்கடிதான் சாயெஃப்ஸ்கியை எழுத்தாளராக்கியது என்பது என் கணிப்பு. தயாரிப்பாளர் ஃப்ரெட் கோ எழுத்தாளர்களை நம்பியவர். ஹார்ட்டன் ஃபூட், கோர் விடால் எல்லாம் அவரிடம் எழுதியவர்கள்தான். ஒத்திகையில் எழுத்தாளருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. சினிமாவில் அப்போது அப்படி ஒரு நாற்காலியை நினைத்தே பார்க்க முடியாது.

'மார்ட்டி' பிறந்ததே அப்படி ஒரு ஒத்திகையில்தான். வேறொரு நாடகத்துக்காக நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் நடன அறையில் ஒத்திகை. துணை தேடி வருபவர்களுக்கான சங்கம் ஒன்று இரவில் அதே அறையில் கூடும். சுவரில் ஓர் அறிவிப்பு: பெண்களே, கூப்பிடுகிற ஆணோடு ஆடுங்கள், ஆண்களுக்கும் மனசு உண்டு. அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு கதை இருக்கிறது என்று இயக்குநர் டெல்பர்ட் மானிடம் சொன்னார். முதலில் ஒரு பெண்ணைப் பற்றி எழுத நினைத்து, பிறகு ஆணைப் பற்றி எழுதினார். 1953 மே 24 அன்று ராட் ஸ்டைகர் நடிக்க ஒளிபரப்பானது.

மார்ட்டி பிராங்க்ஸில் கறிக்கடைக்காரன். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. தம்பி தங்கைகளுக்கு எல்லாம் ஆகிவிட்டது. நாடகம் கறிக்கடையில் தொடங்குகிறது. கோழி வாங்க வந்த பெண்கள், உன் தம்பிக்கே ஆயிற்று, உனக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டுக்கொண்டே எடை போடச் சொல்கிறார்கள். அவனும் கோபப்படாமல் எடை போடுகிறான். இரவில் நண்பன் ஆஞ்சியும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து, இன்றைக்கு என்ன பண்ணலாம், தெரியலையே, நீ சொல்லு, நீ சொல்லேன் என்று சுற்றிச் சுற்றிப் பேசுவது அப்போது அமெரிக்காவில் எல்லார் வாயிலும் புழங்கியது. அம்மா விரட்டி விரட்டி நடன அறைக்கு அனுப்புகிறாள். அங்கே ஒருவன், தன்னோடு வந்த பெண் அழகாக இல்லை, அவளை நீ தள்ளிக்கொண்டு போ, ஐந்து டாலர் தருகிறேன் என்கிறான். மார்ட்டி மறுக்கிறான். பிறகு, கைவிடப்பட்டு நிற்கும் அந்த ஆசிரியையிடம் தானே போய்ப் பேசுகிறான்.

இதுவரை யாரும் எழுதிவிடலாம். சாயெஃப்ஸ்கியின் கை தெரிவது அம்மாவிடம். மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று புலம்பியவள், மருமகளோடு ஒத்துப்போகாமல் மகன் வீட்டை விட்டு வரும் தன் அக்காவைப் பார்க்கிறாள். நாளைக்கு நமக்கும் இதே கதிதானே என்று பயம் வருகிறது. மறுநாள் காலையில் அதே அம்மா அந்தப் பெண்ணிடம் குறை கண்டுபிடிக்கிறாள். வில்லத்தனம் எதுவும் இல்லை, வெறும் பயம். சாதாரணமானவற்றுக்குள் கிடக்கும் அதிசய உலகம் என்று அவரே இதைச் சொன்னார். பிற்காலத்தில் அவர் எழுதிய எந்த முழக்கத்தையும்விட எனக்கு இந்த அம்மாதான் பெரிய சாதனையாகத் தெரிகிறாள்.

முதல் பேரம்

ஹெக்ட்-லங்காஸ்டர் நிறுவனம் 'மார்ட்டி'யைப் படமாக எடுக்க வந்தபோது அவர் போட்ட நிபந்தனைகளில்தான் நாம் பார்க்க வந்த கதை தொடங்குகிறது. திரைக்கதையை நானே எழுதுவேன், மானே இயக்க வேண்டும், படப்பிடிப்பில் எனக்கு இடம் வேண்டும். இணைத் தயாரிப்பாளர் என்ற பட்டமும் கிடைத்தது. கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் கறுப்புப் பட்டியலில் மாட்டியிருந்த பெட்சி பிளேரைக் கதாநாயகியாகப் போட வேண்டும் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

சுமார் 3,43,000 டாலரில் எடுத்த சின்னப் படம். 1955-இல் கான் விழாவின் தங்கப் பனையை வென்றது. அடுத்த வருடம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை என நான்கு ஆஸ்கர். நடிகர் எர்னஸ்ட் போர்க்னைன். ஆஸ்கருக்காகச் செய்த விளம்பரச் செலவு படத்தின் செலவையே தாண்டியது என்பது இதன் இன்னொரு பக்கம்.

இந்த வெற்றியிலிருந்து சாயெஃப்ஸ்கி எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று: பிடியை விடாதே. சரியான பாடம்தான், ஆனால் பாதிப் பாடம். மீதிப் பாதி அவர் பக்கத்திலேயே இருந்தது. மான் அதே நேரடி ஒளிபரப்பு அறையில் வளர்ந்தவர். இந்த எழுத்து எந்த வேகத்தில், எந்தக் குரலில் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மேடைக்குப் போய்த் திரும்பியது

எழுத்தாளர் ராஜாவாக இருக்கும் இடம் மேடை என்பதால் அங்கே போனார். தன் தொலைக்காட்சி நாடகம் 'மிடில் ஆஃப் தி நைட்'டை 1956-இல் மேடைக்கு மாற்றினார், எட்வர்ட் ஜி. ராபின்சன் நடிக்க 477 காட்சிகள் ஓடியது. 1959-இல் 'தி டென்த் மேன்', 623 காட்சிகள். மேடையில் அவருடைய உச்சம் இதுதான்.

லாங் ஐலண்டில் ஒரு ஏழை ஜெப ஆலயம். தொழுகைக்குப் பத்து ஆண்கள் தேவை, ஆள் சேரவில்லை. தெருவில் போகும் ஓர் இளைஞனைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். வாழ்க்கையில் எதிலும் பிடிப்பில்லாத வக்கீல். அதே நேரம் ஒரு கிழவர் தன் பேத்தியைக் கூட்டி வருகிறார். அவள் உடம்பில் ஆவி புகுந்திருக்கிறதாம். டாக்டர்கள் மனநோய் என்கிறார்கள். கிழவர்கள் பேயோட்டத் தயாராகிறார்கள். நடுநடுவே மருமகள்களைப் பற்றியும் கல்லறைக்கு இடம் வாங்குவதைப் பற்றியும் அரட்டை. கடைசியில் மந்திரம் ஓதும்போது கீழே விழுவது அந்தப் பெண் இல்லை, எதையும் நம்பாத அந்த வக்கீல். பழைய யூத நாடகமான 'திப்புக்'கின் பேயைக் கொண்டுவந்து புதிய காலத்து வெறுமையின் மேல் ஏவிய அந்தத் திருப்பம் இன்றும் பழசாகவில்லை.

அடுத்து, விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் கிதியோனைக் கடவுளோடு வாக்குவாதம் செய்ய வைத்தார். அதுவும் ஓரளவு ஓடியது. பிறகு 1964-இல் ஸ்டாலினைப் பற்றிய நாடகம். பீட்டர் ஃபாக் ஸ்டாலினாக நடித்தார். இந்த முறை இயக்கியதும் சாயெஃப்ஸ்கிதான். அதாவது முழுப் பிடியும் அவர் கையில். 15 காட்சிகளில் இழுத்து மூடினார்கள். இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. எழுத்தாளருக்குக் குறுக்கே யாரும் நிற்காத ஒரே சந்தர்ப்பம் அவருடைய மிகப் பெரிய தோல்வியாக முடிந்திருக்கிறது. நான்கு வருடம் கழித்து டல்லாஸில் ஒரு நாடகம் போட்டதோடு மேடையை விட்டே விலகினார்.

அதே 1964-இல் வந்த 'தி அமெரிக்கனைசேஷன் ஆஃப் எமிலி' அவருடைய படங்களில் போதுமான அளவு பேசப்படாத ஒன்று. வில்லியம் பிராட்ஃபோர்ட் ஹூயியின் நாவலை எடுத்து, கோழைத்தனமே நல்ல குணம் என்று வாதாடும் கடற்படை அதிகாரியின் கதையாக்கினார். இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டே ஜேம்ஸ் கார்னர் பேசும் காட்சி இருக்கிறது. போருக்குத் தளபதிகளை மட்டும் குறை சொல்லாதீர்கள், செத்தவனை வீரன் என்று கொண்டாடும் நாமும்தான் அடுத்த போரை நடத்துகிறோம் என்று, கணவனையும் மகனையும் இழந்த ஒரு தாயிடமே சொல்கிறார். போரில் அடிபட்டுப் பதக்கம் வாங்கியவர் எழுதியது என்பதால் அந்த வசனத்துக்கு ஒரு தைரியம் இருக்கிறது. படத்தின் இயக்குநர் ஆர்தர் ஹில்லர். அவரும் தொலைக்காட்சியில் தொழில் கற்றவர்தான்.

உச்சம்

1971-இல் அதே ஹில்லரோடு 'தி ஹாஸ்பிடல்'. நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர்களும் நர்ஸும் வரிசையாகச் சாகிறார்கள். கொலைகாரன் நேரடியாகக் கொல்வதில்லை. ஆட்களை நோயாளி போலப் படுக்க வைத்துவிடுகிறான், அவ்வளவுதான். மீதியை ஆஸ்பத்திரியின் அன்றாட அலட்சியமே பார்த்துக்கொள்கிறது. படத்தின் ஆரம்பத்தில் கதையை அறிமுகப்படுத்தும் குரல் சாயெஃப்ஸ்கியுடையது. இரண்டாவது ஆஸ்கர்.

பிறகு 1976-இல் 'நெட்வொர்க்'. இயக்குநர் சிட்னி லூமெட், இவரும் நேரடி ஒளிபரப்புக் காலத்து ஆள். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்ததால் வேலை போகப்போகும் செய்தி வாசிப்பாளர் ஹோவர்ட் பீல், அடுத்த வாரம் கேமரா முன்னாலேயே தற்கொலை செய்துகொள்வேன் என்று அறிவிக்கிறார். எண்ணிக்கை எகிறுகிறது. உடனே அவருடைய மனச்சிதைவையே நிகழ்ச்சியாக்கி விற்கிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, இனிமேலும் பொறுக்க மாட்டேன் என்று ஜன்னலைத் திறந்து கத்தச் சொல்லும் காட்சி எல்லாருக்கும் தெரியும். அதில் பீலாக நடித்த பீட்டர் ஃபின்ச் இரண்டாவது டேக்கில் பாதியிலேயே களைத்து நிறுத்திவிட்டார். லூமெட் மூன்றாவது கேட்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு காட்சி. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு புரட்சிகரக் குழுவோடு தொடர் நிகழ்ச்சிக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆயுதப் போராட்டம் பேசியவர்கள் அறை முழுக்கக் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு விநியோகச் செலவில் எத்தனை சதவீதம், துணை உரிமை யாருக்கு என்று வரிவரியாகச் சண்டை போடுகிறார்கள். கூச்சல் தாங்காமல் தலைவர் துப்பாக்கியை மேலே சுட்டு, அவள் கேட்கும் ஷரத்தைக் கொடுத்துத் தொலையுங்கள் என்கிறார். வாழ்நாளெல்லாம் ஷரத்துக்காகச் சண்டை போட்ட ஒருவரால்தான் இதை இவ்வளவு துல்லியமாக எழுத முடியும்.

படப்பிடிப்பில் சாயெஃப்ஸ்கி கூடவே இருந்தார். அவருடைய காது கூர்மையானது என்று லூமெட் பின்னாளில் எழுதிய நூலில் மெச்சியிருக்கிறார். ஆனால் ஒரு கட்டத்தில் கை காட்டி நிறுத்தவும் செய்தார். வில்லியம் ஹோல்டன் நடித்த பாத்திரம் தன் மனைவியிடம் வேறொரு பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்லும் காட்சி. சாயெஃப்ஸ்கி ஏதோ சொல்ல வர, விவாகரத்தைப் பற்றி உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றாராம் லூமெட். சாயெஃப்ஸ்கி 1949-இல் கல்யாணம் செய்தவரோடு கடைசிவரை வாழ்ந்தவர். லூமெட் நிலைமை அப்படி இல்லை. படத்தில் அந்த மனைவியாக ஐந்து நிமிடம் மட்டும் வந்த பியட்ரிஸ் ஸ்ட்ரெய்ட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. எழுத்தாளரின் பிடி எங்கே தளர வேண்டும் என்பதற்கு இந்த ஐந்து நிமிடத்தைவிட நல்ல சாட்சி இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். 'நெட்வொர்க்'கில் எல்லாரும் ஒரே ஆள் போலத்தான் பேசுகிறார்கள்: படித்த, கோபக்கார, நியூயார்க் ஆள். ஃபே டனவே நடித்த தொலைக்காட்சி அதிகாரி டயானா ரத்தமும் சதையுமான பெண் என்பதைவிட தொலைக்காட்சிக்கு எதிரான வாதத்தின் உருவமாகத்தான் நிற்கிறாள். 'மார்ட்டி'யின் அம்மாவை எழுதியவருக்கு அந்தக் காது எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். டனவேயின் நடிப்புதான் அந்தப் பாத்திரத்தைக் காப்பாற்றுகிறது.

படத்துக்கு நான்கு ஆஸ்கர், சாயெஃப்ஸ்கிக்கு மூன்றாவது. ஃபின்ச் விழாவுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் சார்பில் விருது வாங்க மேடையேறிய சாயெஃப்ஸ்கி, ஏற்பாட்டை மீறி ஃபின்ச்சின் மனைவியைக் கூட்டத்திலிருந்து மேலே கூப்பிட்டார். அடுத்த வருட விழாவில் நடிகை வனெசா ரெட்கிரேவின் அரசியல் பேச்சைக் கண்டித்துப் பேசியதும் இவர்தான். தொலைக்காட்சிக் கூத்தைக் கிழித்து எழுதியவர், இரண்டு முறையும் நேரடி ஒளிபரப்பின் நடுவே தனக்குத் தோன்றியதைச் செய்தார்.

முறிவு

'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்' 1978-இல் நாவலாக வந்தது. அவர் எழுதிய ஒரே நாவல். தண்ணீர்த் தொட்டி இருட்டில் மிதந்து தன் நினைவின் ஆழத்தைத் தேடும் விஞ்ஞானி ஒருவனின் கதை. எழுதும் காலத்திலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. படமாக்கத் தொடங்கியபோது முதல் இயக்குநர் ஆர்தர் பென் விலகினார். கொலம்பியா கைவிட, வார்னர் பிரதர்ஸ் எடுத்துக்கொண்டது. கடைசியில் வந்து சேர்ந்தவர் பிரிட்டனின் கென் ரஸல். கண்ணைப் பறிக்கும் காட்சிகளுக்குப் பேர்போனவர். வசனத்தைக் கும்பிடும் ஆள் கிடையாது.

ஒப்பந்தப்படி வசனத்தை மாற்ற முடியாது. ரஸல் மாற்றவில்லை. நீளமான விஞ்ஞானப் பேச்சுகளை நடிகர்கள் சாப்பிட்டுக்கொண்டே, குடித்துக்கொண்டே, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அவசர அவசரமாகப் பேசும்படி வைத்தார். சொல் எல்லாம் இருந்தது, காதில் விழுந்தது பாதிதான். இதைத் தடுக்க எந்த ஷரத்திலும் வழி இல்லை. வேகம், தொனி, மூச்சு எங்கே விடுவது என்பதை எல்லாம் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க முடியாதே. சாயெஃப்ஸ்கி சண்டை போட்டுப் படப்பிடிப்பை விட்டு வெளியேறினார். 1980 டிசம்பரில் படம் வந்தபோது திரைக்கதை என்ற இடத்தில் 'சிட்னி ஆரன்' என்று போட்டார்கள். ராணுவத்துக்குப் போகும் முன் இருந்த பெயர்.

ரஸல் பக்கமும் நியாயம் உண்டு. அந்தப் பேச்சுகளை நிறுத்தி நிதானமாகப் பேச வைத்திருந்தால் பார்ப்பவர்கள் தூங்கியிருப்பார்கள். நான் இந்தப் படத்தை மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சாயெஃப்ஸ்கியின் படம் இல்லை என்பதும் உண்மை.

ஆஸ்கர் வாங்கிய மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படும். மான், ஹில்லர், லூமெட் மூவரும் சின்னத் திரையில் முகத்தையும் பேச்சையும் வைத்துக் கதை சொல்லப் பழகியவர்கள். சாயெஃப்ஸ்கி தன்னைக் காப்பாற்றியது ஒப்பந்தம் என்று நம்பினார். காப்பாற்றியது பெரும்பாலும் இவர்களுடைய காதுதான். அதற்காக இப்படிப்பட்ட இயக்குநர் கிடைத்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. மான் இயக்கிய 'தி பேச்சலர் பார்ட்டி' மறுபடி ஒரு 'மார்ட்டி' ஆகவில்லை. ஒப்பந்தமும் வீண் இல்லை. அது இல்லாவிட்டால் 'நெட்வொர்க்'கின் பாதிப் பேச்சுகளை ஏதாவது ஒரு ஸ்டூடியோ அதிகாரி வெட்டி எறிந்திருப்பார்.

1981 ஆகஸ்ட் 1 அன்று புற்றுநோயால் நியூயார்க்கில் இறந்தார். வயது 58. நெருங்கிய நண்பரும் நடன இயக்குநருமான பாப் ஃபாசி, கொடுத்த வாக்குப்படி, இறுதிச் சடங்கில் சில அடிகள் ஆடிக் காட்டினார். அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் தேர்ந்தெடுத்த 101 சிறந்த திரைக்கதைகளில் 'நெட்வொர்க்' எட்டாவது இடம் பிடித்தது.

2017-இல் லண்டன் நேஷனல் தியேட்டர் அதை மேடைக்குக் கொண்டுவந்தது. மேடைக்கேற்ப மாற்றி எழுதியவர் லீ ஹால். அடுத்த வருடம் பிராட்வேக்கும் போனது. ஹோவர்ட் பீலாக நடித்த பிரையன் க்ரான்ஸ்டனுக்கு 2019-இல் டோனி விருது. இயக்குநர் ஈவோ வான் ஹோவ மேடை முழுக்க கேமராக்களையும் திரைகளையும் நிரப்பி, நடிகர்களின் முகத்தை அந்த நேரத்திலேயே படம் பிடித்துப் பெரிதாகக் காட்டினார். பார்வையாளர்களில் சிலரை மேடையிலேயே உட்கார வைத்துச் சாப்பாடும் பரிமாறினார்கள். இயக்குநரின் கைவரிசை இவ்வளவு பளிச்சென்று தெரியும் ஒரு மேடையேற்றத்தின் ஒத்திகையில் சாயெஃப்ஸ்கி உட்கார்ந்திருந்தால், முதல் நாள் மதிய உணவுக்கு முன்பே சண்டை ஆரம்பித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.